நந்தனார் பெயரில் ஒரு பள்ளி: சுவாமி சகஜானந்தாவை நினைவுகூர்வோம்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 27ஆம் தேதி சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தாவின் சிலைக்கு மாலை போடுகிறார்கள். அதிகாரிகள் வருகிறார்கள், கட்சிக்காரர்கள் வருகிறார்கள். காவி உடுத்திய அந்த மனிதரின் படம் மறுநாள் நாளிதழ்களில் இரண்டு பத்தி அளவில் வெளியாகிறது. அத்துடன் அந்த ஆண்டுக்கான நினைவு முடிந்துவிடுகிறது.

நம் மாவட்டத்துப் பள்ளி மாணவர்களிடம் இவர் யார் என்று கேட்டால், "ஏதோ சாமியார்" என்று பலரும் சொல்வார்கள். சாமியார் என்பது உண்மைதான். ஆனால் அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி நடத்திய ஆசிரியர். பல ஆண்டுகளாகச் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குரலாக இருந்தவர். சேரியில் பிறந்த பிள்ளை எழுத்தறிந்தால் ஊர் கெட்டுவிடும் என்று பேசப்பட்ட காலத்தில், தில்லை நகரத்திலேயே அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டியவர். அவர் கதையைத் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டவர்கள் குறைந்துவருகிறார்கள். எனவே எழுதிவைப்பது அவசியமாகிறது.

மேல்புதுப்பாக்கத்து முனுசாமி

அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், ஆரணிக்குப் பக்கத்தில் உள்ள மேல்புதுப்பாக்கம் என்ற கிராமத்தில் 1890ஆம் ஆண்டு ஜனவரி 27 அன்று அவர் பிறந்தார். அப்பா அண்ணாமலை, அம்மா அலமேலு. பிள்ளைக்கு வைத்த பெயர் முனுசாமி. ஊர்க் காவல் தெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் நம் வழக்கப்படி வைத்த பெயர் அது.

அந்தக் காலத்தில் தலித் குடும்பத்துப் பிள்ளை படிக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் மிஷன் பள்ளிக்கூடம்தான் வழி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள். சட்டத்துக்குப் பயந்து சேர்த்தாலும் திண்ணைக்கு வெளியே உட்கார வைப்பார்கள். இல்லாவிட்டால் மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்கள். முனுசாமியும் மிஷன் பள்ளியில்தான் படித்தார். பின்பு மேற்படிப்புக்குத் திண்டிவனம் சென்றார்.

பைபிளை அவர் கற்றுத் தேர்ந்த விதம் ஆசிரியர்களை வியக்க வைத்தது என்றும், மதம் மாறும் பேச்சு வந்தபோது அவர் இசையவில்லை என்றும், அதன்பின் அவர் படிப்பு தொடரவில்லை என்றும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எழுத்தறிவு தந்த இடத்துக்கு நன்றி பாராட்டுவது வேறு. தன் நம்பிக்கை எது என்று தானே முடிவு செய்துகொள்வது வேறு. பதின்பருவத்திலேயே இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது.

கோலார் கற்றுத் தந்தது

படிப்பு நின்ற பிள்ளைக்கு அன்று இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஊரில் பண்ணை வேலை. மற்றொன்று, ஊரை விட்டுப் போவது. முனுசாமியின் குடும்பம் கோலார் தங்கவயலுக்குப் போனது.

தங்கவயல் நம் மக்களின் வரலாற்றில் தனி அத்தியாயம். 1880களில் ஆங்கிலேயக் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியதும், வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்கள் அங்கே குடியேறின. பூமிக்கு அடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் வேலை. பாறை சரிந்தால் பிணம். தூசி படிந்தால் நோய். ஆனாலும் கூலி காசாகக் கைக்கு வந்தது. ஊரில் நெல்லாகவும் கூழாகவும் அளந்து போட்ட ஆண்டையின் கை அங்கே இல்லை. காசு கையில் வந்ததும் பள்ளிக்கூடம், படிப்பகம், சங்கம் எல்லாம் வந்தன. பண்டிதர் அயோத்திதாசர் 1907ல் தொடங்கிய 'ஒரு பைசா தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் வாசகர்கள் இருந்தார்கள். மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் இயங்கியது. சைவம் பேசியவர்களும் கிறித்தவம் பேசியவர்களும் அதே லைன் வீடுகளில்தான் வாழ்ந்தார்கள். நாம் யார், நம் வழி எது என்ற கேள்வியைத் தலித் தொழிலாளிகள் தெருவில் உட்கார்ந்து விவாதித்த ஊர் அது.

அந்தச் சூழலில் வளர்ந்த இளைஞர் முனுசாமியின் மனம் ஆன்மிகத்தின் பக்கம் திரும்பியது. அங்கிருந்து அவர் சென்னைக்கு வந்தார். வியாசர்பாடியில் கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளிடம் சீடராகச் சேர்ந்தார். கரமே பாத்திரமாக, கையில் விழும் அன்னத்தை மட்டும் உண்டு வாழ்பவர் என்பது அந்தக் குருவின் பெயருக்குப் பொருள். சாதி கேட்டு ஒதுக்காத குருவாக அவர் இருந்தார். அவரிடம் முனுசாமி தமிழிலும் வடமொழியிலும் உள்ள வேதாந்த நூல்களைக் கற்றார். துறவு ஏற்றார். குரு கொடுத்த பெயர்தான் சகஜானந்தா.

வடமொழி கற்றார் என்பதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. எந்த மொழி காதில் விழக்கூடாது என்று சொல்லி நம் முன்னோரைத் தள்ளிவைத்தார்களோ, அந்த மொழியின் நூல்களைச் சேரியில் பிறந்த ஒருவர் மனப்பாடமாகச் சொல்லி விளக்கினார். பிற்காலத்தில் சாத்திரம் காட்டித் தீண்டாமையை நியாயப்படுத்த வந்தவர்களோடு அதே நூல்களைக் கொண்டு வாதிட அவருக்கு இது உதவியது.

ஏன் சிதம்பரம்?

1910ஆம் ஆண்டு, தம் இருபதாவது வயதில், சகஜானந்தா சிதம்பரம் வந்து சேர்ந்தார். அதன்பின் சாகும்வரை அவருக்கு அதுதான் ஊர். ஆரணிப் பக்கத்துக்காரர், கோலாரில் வளர்ந்தவர், சென்னையில் துறவு ஏற்றவர். அவர் ஏன் சிதம்பரம் வர வேண்டும்? விடை, நந்தனார்.

நந்தனார் கதையை 1942ல் வந்த தண்டபாணி தேசிகர் நடித்த படத்தின் வழியாகத்தான் நம் பெரியவர்களில் பலரும் அறிந்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் வரும் வேதியர், அவர் இட்ட கட்டளை, ஒரே இரவில் நாற்பது வேலி நிலம் விளைந்த அதிசயம் ஆகியவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிலிருந்து வந்தவை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் இந்த வேதியர் கிடையாது. அங்கே நந்தனார் ஆதனூரில் வாழ்கிறார். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுக்கிறார். திருப்புன்கூரில் அவர் பார்ப்பதற்காக நந்தி விலகுகிறது. தில்லைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு, நாளைக்குப் போவேன் என்று நாளைக் கடத்திக்கொண்டே இருந்ததால் திருநாளைப்போவார் என்று பெயர் பெறுகிறார். கடைசியில் தில்லை எல்லையில் வந்து நிற்கிறார். உள்ளே போகத் தயங்கி ஊரைச் சுற்றிச் சுற்றி வருகிறார். தீயில் இறங்கி எழுந்த பின்புதான் கோயிலுக்குள் போகிறார்.

நந்தனார் தீயில் இறங்கிய இடம் என்று மக்கள் நம்புவது சிதம்பரத்தில் உள்ள ஓமக்குளம். அந்த ஓமக்குளத்தைத்தான் சகஜானந்தா தம் பணிக்களமாகத் தேர்ந்தெடுத்தார். நந்தனார் மடத்தை அங்கே வளர்த்தார்.

அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவராகச் சிலை வைத்து வணங்கப்படுகிறவர் நந்தனார். அவர் பிறந்த குலத்தில் வந்தவர்களுக்கு 1910ல் அந்தக் கோயிலுக்குள் அனுமதி இல்லை. அந்த முரண்பாட்டின் வாசலிலேயே போய் ஒரு துறவி உட்கார்ந்தார். அங்கே அவர் தொடங்கிய வேலை பள்ளிக்கூடம்.

இருபத்தைந்து பிள்ளைகள்

1916ஆம் ஆண்டு சகஜானந்தா நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அதன் சார்பில் திறந்த பள்ளியில் முதலில் சேர்ந்தவர்கள் இருபத்தைந்து பேர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

இருபத்தைந்து என்பது இன்று ஒரு வகுப்பில் பாதி. அன்றைய நிலைமையை வைத்துத்தான் அதை அளக்க வேண்டும். தென்னாற்காடு மாவட்டத்தின் நெல் விளையும் கிராமங்களில் பிள்ளைக்கு ஆறு வயதானால் அவன் மாடு மேய்க்கப் போக வேண்டும். அப்பன் வாங்கிய கடனுக்குப் பிள்ளையும் பண்ணையாள். நடவுக்கும் அறுப்புக்கும் பெண் பிள்ளைகள் அம்மாவோடு வயலில் நிற்பார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் அந்தக் கூலி போய்விடும். ஆண்டையின் கோபமும் வரும். குடியிருக்கும் மனை ஆண்டையின் பட்டாவில் இருப்பதால், கோபம் வந்தால் குடிசையும் போகும். இவ்வளவையும் மீறி ஒரு பெற்றோர் பிள்ளையை ஓமக்குளத்துக்கு அனுப்பினார்கள் என்றால், அந்தச் சாமியாரின் சொல்லை எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்!

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் பறையர் மக்களின் நிலைமை பற்றிக் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1893ல் பஞ்சமர் பள்ளிகளுக்குத் தனிச் சலுகைகள் அறிவிக்கப்பட்டன. 1894ல் கர்னல் ஆல்காட் சென்னையில் இலவசப் பள்ளிகளைத் திறந்தார். 1920ஐ ஒட்டித் தொழிலாளர் துறையின் பொறுப்பில் ஒடுக்கப்பட்டோர் நலன் ஒப்படைக்கப்பட்டது. அந்தத் துறை நடத்திய பள்ளிகளைக் கிராமங்களில் 'லேபர் ஸ்கூல்' என்றே சொன்னார்கள். இன்றைக்கும் எழுபது, எண்பது வயதானவர்களிடம் கேட்டால் "நான் லேபர் ஸ்கூல்ல அஞ்சாவது" என்பார்கள்.

அந்தப் பள்ளிகள் பெரும்பாலும் தொடக்கக் கல்வியோடு நின்றன. ஐந்தாவது முடித்த பிள்ளை ஆறாவதுக்கு எங்கே போவான்? நகரத்துக்குப் போனால் தங்க இடம் இல்லை. ஓட்டலில் சாப்பிட முடியாது. வாடகைக்கு வீடு கிடைக்காது. பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்ததே 1924ல்தான். நடக்கும் தெருவுக்கே தீர்மானம் தேவைப்பட்ட காலத்தில் நகரத்துக்குத் தனியாக வரும் பையனின் கதி என்ன?

இதற்கு விடையாக இருந்தது விடுதி. ஓமக்குளத்தில் பள்ளியோடு சேர்ந்து மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடமும் வளர்ந்தது. சோறு, பாய், விளக்கு, புத்தகம், கண்டிக்க ஒரு பெரியவர் ஆகிய ஐந்தும் இருந்தால்தான் ஏழைப் பிள்ளையால் படிக்க முடியும் என்பது விடுதியில் படித்த எல்லாருக்கும் தெரியும். துறவியான சகஜானந்தாவுக்குச் சொந்தக் குடும்பம் இல்லை. ஓமக்குளத்துப் பிள்ளைகளே அவருக்குக் குடும்பம் ஆனார்கள். தொடக்கப் பள்ளியாக ஆரம்பித்தது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. பிள்ளைகள் கூடினார்கள். தொண்டாக வந்த பணமும் அரசு உதவியும் அதை வளர்த்தன.

இன்னொரு ஒப்பீடும் செய்து பார்க்கலாம். சிதம்பரத்தின் பெருமையாக நாம் சொல்லும் மீனாட்சி கல்லூரி தொடங்கியது 1920ல். அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மாறியது 1929ல். பெரும் செல்வந்தர் ஒருவரின் கொடையில் எழுந்த நிறுவனம் அது. கையில் காசில்லாத ஒரு துறவி அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, அதே ஊரில், பள்ளி வாசலையே மிதிக்காத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியிருந்தார். சிதம்பரம் கல்வி நகரம் என்று எழுதும்போது இரண்டையும் எழுத வேண்டும்.

சட்டமன்றத்தில் ஒரு வாத்தியார்

1926ல் சகஜானந்தா சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். இடையில் சில ஆண்டுகள் தவிர, வாழ்நாள் முழுவதும் ஏதேனும் ஓர் அவையில் இருந்தார். 1952, 1957 பொதுத் தேர்தல்களில் சிதம்பரம் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது சிதம்பரம் இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி. அவற்றில் ஒன்று தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது.

எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் போன்ற முன்னோடிகள் திறந்த பாதையில் வந்தவர் அவர். அந்தத் தலைமுறையினர் சட்டமன்றத்தில் கேட்டவை பெரிய தத்துவங்கள் அல்ல. எங்கள் தெருவுக்குக் கிணறு வேண்டும். குடியிருக்க மனை வேண்டும். சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும். பிள்ளைக்குச் சம்பளச் சலுகை வேண்டும். விடுதி வேண்டும். ஆசிரியர் வேலையில் எங்கள் ஆட்களையும் போடுங்கள். இப்படிப்பட்ட கேள்விகளால்தான் பின்னால் வந்த சட்டங்களுக்கு அடித்தளம் விழுந்தது. சகஜானந்தாவும் கல்வியையும் நிலத்தையும் கோயில் உரிமையையும் அங்கே விடாமல் பேசினார். அவருடைய சட்டமன்ற உரைகள் பிற்காலத்தில் நூலாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. அரசியல் அறிவியல் படிக்கும் மாணவர்கள் நூலகத்தில் தேடிப் படிக்க வேண்டிய நூல் அது.

ஊருக்குப் போனால் பள்ளிக்கூட வேலை, சென்னைக்கு வந்தால் சட்டமன்றம் என்று அவர் நாட்கள் போயின. பதவி வந்த பிறகும் காவி மாறவில்லை. ஓமக்குளத்தை விட்டு வீடும் மாறவில்லை.

நம்பிக்கையும் கேள்வியும்

அவரைப் பற்றி எழுதும்போது ஒரு கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. தலித் இளைஞர்கள் நேராகவே கேட்கிறார்கள்: நம்மை வெளியே நிறுத்திய சமயத்தை இவர் ஏன் விடவில்லை? அயோத்திதாசர் 1898லேயே பௌத்தத்துக்குப் போனார். அண்ணல் அம்பேத்கர் 1956ல் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். நம் மாவட்டத்திலேயே எத்தனையோ சேரிகளில் மாதா கோயில் இருக்கிறது. இவர் மட்டும் சிவனையும் நந்தனாரையும் ஏன் பிடித்துக்கொண்டார்? நந்தனாரைத் தீயில் இறக்கிய கதையைக் கொண்டாடலாமா?

நியாயமான கேள்விதான். தீயில் இறங்கினால்தான் தூய்மை என்றால், பிறப்பால் அழுக்கு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நந்தனார் கதையை அப்படியே ஏற்க மறுக்கும் ஆய்வாளர்கள் பலர். இந்த விமர்சனத்தைச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு.

ஆனால் சகஜானந்தா என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். நந்தனார் எங்கள் ஆள் என்றார். எங்கள் ஆள் நாயன்மார் என்றால் நாங்கள் எப்படித் தாழ்ந்தவர்கள் என்று கேட்டார். கோயிலுக்குள் சிலையாக நிற்பவருக்கு உள்ள உரிமை அவர் பேரப்பிள்ளைகளுக்கு ஏன் இல்லை என்று கேட்டார். இந்தக் கேள்விக்குச் சைவம் பேசுகிறவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. 1927ல் தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்தில் காந்தி சிதம்பரம் வந்தபோது, நந்தனாரைச் சத்தியாக்கிரகியாகப் போற்றிப் பேசினார். நந்தனார் என்ற பெயர் அதற்குள் ஓர் உரிமைக் குரலாகியிருந்தது.

கோயில் கதவு மெதுவாகத்தான் திறந்தது. 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் நுழைந்தார்கள். மாகாணம் முழுவதுக்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947ல் வந்தது. சகஜானந்தா சிதம்பரம் வந்து அப்போது முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கோயில் கதவு திறக்கும் வரை அவர் சும்மா காத்திருக்கவில்லை. அந்த முப்பத்தேழு ஆண்டுகளில் ஓமக்குளத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் எழுத்துக் கற்று வெளியே போயிருந்தார்கள். நந்தனார் தீயில் இறங்கியதாகச் சொல்லப்படும் இடத்தில், அவர் வழிவந்த பிள்ளைகள் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பௌத்தத்துக்குப் போனவர்களும் கிறித்தவத்துக்குப் போனவர்களும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்தான் கட்டினார்கள். சைவத்தில் நின்ற இவரும் பள்ளிக்கூடம்தான் கட்டினார். வழிகள் வேறு வேறு. எல்லா வழியும் பள்ளிக்கூட வாசலில் வந்து சேர்ந்தன. நம் இளைஞர்கள் தங்களுக்குப் பிடித்த வழியைத் தேர்ந்துகொள்ளட்டும். இந்த ஒற்றுமையை மட்டும் மறக்க வேண்டாம்.

அவருக்குப் பிறகு

1959ஆம் ஆண்டு மே 1 அன்று சுவாமி சகஜானந்தா காலமானார். அறுபத்தொன்பது வயது. சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோதே மறைந்தார். நாற்பத்து மூன்று ஆண்டுகளாக அவர் நடத்திய பள்ளி அவருக்குப் பிறகும் நின்றது. நந்தனார் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி, நந்தனார் பெண்கள் மேல்நிலைப் பள்ளி என்று அரசு ஆதிதிராவிடர் நலத் துறைப் பள்ளிகளாக அந்தப் பெயர் இன்றும் வாழ்கிறது.

இதே மண்ணில் காட்டுமன்னார்கோவில் பக்கத்திலிருந்து எழுந்த எல். இளையபெருமாள், தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு 1965ல் அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்து 1969ல் அறிக்கை கொடுத்தார். இந்தியா முழுவதும் தீண்டாமை எப்படி இருக்கிறது என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த அறிக்கை அது. கடலூர் மாவட்டத்தில் தலித் அரசியலுக்கும் கல்விக்கும் நீண்ட வேர் இருக்கிறது என்பதற்கு இந்த இருவரும் சாட்சி.

இன்றைய நிலை என்ன? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் நூறு பேரில் ஏறக்குறைய 29 பேர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம் என்றால், பட்டியல் சாதியினரிடையே 73 சதவீதம். இருபத்தைந்து பிள்ளைகளோடு தொடங்கிய காலத்தோடு பார்த்தால் இது பெரிய தூரம். ஆனால் இடைவெளி இன்னும் மூடவில்லை.

எழுத்தறிவு கூடினால் சாதி தானாகப் போய்விடும் என்று நம் முன்னோர் நம்பினார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்த தலித் மாணவரை உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அந்த அறிக்கை, கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்கும் அறிவிப்பு 2023 பட்ஜெட்டிலேயே வந்தது.

இதில் இரண்டு கருத்துகள் இருக்கின்றன. தனிப் பள்ளி என்றாலே மற்றவர்கள் பிள்ளைகளை அனுப்புவதில்லை. பெயரே முத்திரை ஆகிவிடுகிறது. எனவே பொதுத் துறையோடு சேர்ப்பதே நல்லது என்கிறார்கள் சிலர். தனித் துறையில் இருப்பதால்தான் இந்தப் பள்ளிகளின் நிலமும் விடுதியும் நிதியும் நம் பிள்ளைகளுக்கென்று இருக்கின்றன; சேர்த்துவிட்டால் கேட்பார் இருக்க மாட்டார்கள் என்கிறார்கள் மற்றவர்கள். எந்தத் துறை நடத்தினாலும் சரி, நாம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா? விடுதியில் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? ராத்திரி படிக்க விளக்கு எரிகிறதா? சோறு வயிறு நிறையக் கிடைக்கிறதா? 1916ல் சகஜானந்தாவின் கவலையும் இவைதான். நூறு ஆண்டுகள் தாண்டியும் இவை கேள்விகளாகவே இருந்தால், ஜனவரி 27 மாலைக்கு அர்த்தம் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு நடைமுறையில் உதவும் தகவல் ஒன்று. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் 1944லிருந்து நடக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதினொன்றாம் வகுப்பிலிருந்து ஆராய்ச்சிப் படிப்பு வரை விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் பள்ளி திறக்கும் முன்பே தயார் செய்துகொள்ளுங்கள். சான்றுக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையம் போதும். கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஓடாதீர்கள். இது யாரும் போடும் பிச்சை அல்ல. உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் சட்டமன்றத்தில் எழுந்து நின்று கேட்டு வாங்கிய உரிமை.

படித்து வேலைக்குப் போனவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லீவுக்கு ஊருக்கு வரும்போது, நீங்கள் படித்த பள்ளிக்கும் விடுதிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஒரு மணி நேரம் கணக்கோ ஆங்கிலமோ சொல்லிக் கொடுங்கள். எந்தப் படிவத்தை எங்கே கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் இதைச் சொல்ல ஆள் கிடையாது.

அடுத்த முறை சிதம்பரம் போனால், நடராசரைப் பார்த்த கையோடு ஓமக்குளம் பக்கமும் போய் வாருங்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விடும் நேரமாகப் பார்த்துப் போங்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வெளியே வருவார்கள். நந்தனார் நாளைக்கு என்று தள்ளித் தள்ளிப் போட்ட பயணத்தை அந்தப் பிள்ளைகள் தினமும் காலையில் ஒன்பது மணிக்குப் போகிறார்கள்.